அடி வாங்க ஒரு வகுப்பு!

கோழிகளுக்குப் பிரசங்கம் பண்ணின பையனைத் தெரியுமா உங்களுக்கு?

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் டிராய் என்று ஒரு சின்ன ஊர். அதற்குப் பக்கத்தில் 110 ஏக்கர் பருத்திக் காடு. அதுவரை குத்தகைக்குப் பயிர் வைத்துக்கொண்டிருந்த அப்பா, 300 டாலர் சேர்த்து 1944-ல் வாங்கின சொந்த நிலம். வீட்டில் பத்துப் பிள்ளைகள். மூன்றாவது பிள்ளையான ஜானுக்கு ஒதுக்கின வேலை, கோழிகளைப் பார்த்துக்கொள்வது. பையன் என்ன பண்ணினான்? கோழிகளை மொத்தமாகக் கூட்டிவைத்து பைபிள் வாசித்தான். ஞானஸ்நானம் கொடுத்தான். செத்துப்போன கோழிக்கு அடக்க ஆராதனை நடத்தினான். வீட்டில் கோழி அடித்துச் சமைத்தால் சாப்பிட மாட்டான். தன்னுடைய முதல் போராட்டமே அந்தக் கோழிக் குழம்பு பகிஷ்கரிப்புதான் என்று பெரியவரான பிறகு சொல்லிச் சிரிப்பார்.

பருத்தி எடுக்கிற சீசன் வந்தால் பள்ளிக்கூடம் கட். வயலுக்குத்தான் போக வேண்டும். பையனோ வாசல் திண்ணைக்கு அடியில் ஒளிந்திருந்து, ஸ்கூல் பஸ் சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டமாக ஓடி ஏறிக்கொள்வான். அவ்வளவு படிப்பு ஆசை. 1956-ல் 16 வயசில் ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினர் கார்டு கேட்டான். ‘இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆமாம்... ஜான் கறுப்பினப் பையன்.

ஜான் லூயிஸ். 1940 பிப்ரவரி 21-ம் தேதி பிறந்தவர். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 33 வருஷம் உறுப்பினராக இருந்து, 2020 ஜூலை 17-ம் தேதி இறந்துபோனார். அந்த எம்.பி-யைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது, நம்ம வயசில் அவர் உட்கார்ந்து படித்த ஒரு வகுப்பைப் பற்றி. அந்த வகுப்பில் புத்தகத்தைவிட எச்சில், சிகரெட் புகை, நாற்காலி இவைதான் அதிகம்!

நான் ஒரு கிறிஸ்தவன். ஞாயிறு ஆராதனை, வாலிபர் கூட்டம், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் எல்லாம் பார்த்து வளர்ந்தவன். எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்பார்கள். அரியர் கிளியர் ஆகணும், அக்காவுக்கு வரன் அமையணும், அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் கிடைக்கணும், கேம்பஸில் வேலை கிடைக்கணும். இதில் ஒன்றும் தப்பில்லை. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால், ‘எதிர்க்க வேண்டியதை எதிர்க்கத் தைரியம் வேணும்’ என்று ஒருத்தர்கூட ஜெபக் குறிப்பு கொடுத்து நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்த லூயிஸ் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நாக்பூர் வழியாக...

லூயிஸ் 1957-ல் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்துக்குப் போய் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். பாஸ்டர் ஆக வேண்டும் என்று ஆசை. கையில் காசு இல்லாததால் கல்லூரி கிச்சனில் சட்டி, பானை கழுவிக்கொண்டே படித்தார்.

அப்போது நாஷ்வில்லில் நிலைமை என்ன தெரியுமா? பெரிய பெரிய கடைகள். கறுப்பினத்தவர் உள்ளே போகலாம், துணி வாங்கலாம், பல்பொடி வாங்கலாம், கல்லாவில் காசு கட்டலாம். அதே கடைக்குள் இருக்கிற சாப்பாட்டு கவுன்ட்டரில் மட்டும் உட்காரக் கூடாது. ஒரு காபி கிடையாது. இதைப் படிக்கும்போது நம்ம ஊர் டீக்கடைகளின் இரட்டை டம்ளர் ஞாபகம் வந்தால், அது உங்கள் தப்பில்லை.

அந்த ஊருக்கு 1958-ல் ஒருத்தர் வந்து சேர்ந்தார். ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது, ‘கொல்ல மாட்டேன்’ என்று மறுத்து 13 மாதம் ஜெயிலில் இருந்தவர். வெளியே வந்ததும் மெதடிஸ்ட் சபை அவரை மிஷனரியாக அனுப்பியது. எங்கே? நம்ம நாக்பூருக்கு! 1953-லிருந்து மூன்று வருஷம் அங்கே ஹிஸ்லாப் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சியும் கொடுத்தார். காந்தி கொல்லப்பட்டு ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. காந்தியின் சேவாகிராம் ஆசிரமம் நாக்பூருக்குப் பக்கம். கூட நடந்தவர்கள் எல்லாம் உயிரோடு இருந்தார்கள். லாசன் அந்த மண்ணில் சத்தியாகிரகத்தைப் பாடமாகவே படித்தார்.

மிஷனரி என்றால் இங்கே கொடுக்க வந்தவர் என்றுதான் சண்டே கிளாஸில் கேட்டு வளர்ந்திருக்கிறேன். இவர் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனவர்!

அலபாமாவின் மான்ட்கோமரி நகரத்தில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று போராட்டம் தொடங்கின செய்தியை 1955 கடைசியில் நாக்பூர் பத்திரிகையில்தான் லாசன் படித்தார். ஊருக்குத் திரும்பினதும் 1957-ல் அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். ரெண்டு பேருக்குமே அப்போது 28 வயசு. படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வருகிறேன் என்றாராம் லாசன். காத்திருக்க நேரமில்லை, இப்போதே வாருங்கள் என்றார் கிங். இப்படித்தான் அவர் நாஷ்வில்லுக்கு வந்து, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வகுப்பு ஆரம்பித்தார்.

நமக்கு ஒர்க்‌ஷாப் என்றால் முதல் வருஷத்து ஃபிட்டிங், கார்பென்ட்ரி, வெல்டிங். லாசன் நடத்தின ஒர்க்‌ஷாப் வேறு மாதிரி. நாலு நாற்காலியை வரிசையாகப் போடுவார்கள். அதுதான் சாப்பாட்டு கவுன்ட்டர். கொஞ்சம் பேர் உட்கார வேண்டும். மற்றவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாக நடிக்க வேண்டும். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்வார்கள். முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். நாற்காலியை உருவிவிடுவார்கள். கீழே விழுந்தால் தலையையும் வயிற்றையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, பக்கத்தில் ஒருத்தன் அடி வாங்கினால் திருப்பி அடிக்காமல் எப்படிக் குறுக்கே விழுந்து அடியைப் பங்குபோட்டுக்கொள்வது, அடிக்கிறவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் இருப்பது எப்படி... எல்லாவற்றுக்கும் பிராக்டிகல்! யாராவது கோபப்பட்டுக் கையை ஓங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வாரா வாரம். மாதக்கணக்கில்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்னது எல்லா மதத்தவருக்கும் தெரியும். சினிமா காமெடி வரைக்கும் வந்துவிட்ட விஷயம். ஆனால், அதற்கு பிராக்டீஸ் பண்ணணும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பரிசுத்தவான்களுக்குத் தானாக வரும் என்றே நினைத்திருந்தேன். தியரி பேப்பரில் 90 மார்க் வாங்கிவிட்டு லேத் மெஷின் முன்னால் போய் நின்றவர்களுக்குத் தெரியும், படித்தது எதுவும் கைக்கு வராது. லாசனுக்கு அது தெரிந்திருந்தது.

அவருக்கே அது சின்ன வயசில் வந்த பாடம். தெருவில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் இனத்தைச் சொல்லித் திட்ட, இவர் பளார் என்று அறைந்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அம்மா அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், ‘அதனால என்ன நல்லது நடந்துச்சு?’ என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை லாசன் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். 2024 ஜூனில் 95 வயசில் இறந்தார்.

இதையெல்லாம் என் ரூம்மேட்டிடம் சொன்னேன். “மாப்ள, இதுக்குப் பேரு பயந்தாங்கொள்ளித்தனம். ஒரு அடி அடிச்சா ரெண்டு அடி குடுக்கணும். அப்பதான் மறுபடி கை வைக்க மாட்டான்” என்றான். அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அடி வாங்கினவனைப் பார்த்து ‘பொறுமையா இரு’ என்று அடி வாங்காதவன் சொல்வது எனக்கும் பிடிக்காது. ஆனால், நாஷ்வில்லில் அதைச் சொன்னவர்கள் அடி வாங்கினவர்கள். அதோடு, அவர்கள் பொறுமையாக வீட்டில் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்!

20 வயசும் ஆறு நாளும்

1960 பிப்ரவரி 13. பனி கொட்டுகிற சனிக்கிழமை. 124 மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை டிரஸ்ஸில், பைபிளும் பாடப் புத்தகமும் கையில் எடுத்துக்கொண்டு மூன்று கடைகளுக்குப் போய் கவுன்ட்டரில் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தார்கள். பரவாயில்லை என்று ஹோம்ஒர்க் எழுத ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான் போராட்டம். அதற்கு ரெண்டு வாரம் முன்னால்தான், பிப்ரவரி 1-ம் தேதி, கிரீன்ஸ்பரோ ஊரில் நாலு கல்லூரி மாணவர்கள் இதே மாதிரி உட்கார்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 27-ம் தேதிதான் நிஜமான பரீட்சை. லூயிஸுக்கு 20 வயசு முடிந்து ஆறு நாள். அன்றைக்கு அடிக்கப்போகிறார்கள் என்று முன்னாடியே தெரியும். அதனால் லூயிஸும் அவருடைய கல்லூரித் தோழர் பெர்னார்ட் லாஃபயட்டும் சேர்ந்து ஒரு நோட்டீஸ் தயார் பண்ணி எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். திட்டினால் திருப்பித் திட்டாதே, அடித்தால் அடிக்காதே, சத்தம் போட்டுச் சிரிக்காதே, நிமிர்ந்து உட்கார், கவுன்ட்டரைப் பார்த்தே உட்கார் என்று வரிசையான விதிகள். கடைசியில் இயேசு, காந்தி, மார்ட்டின் லூதர் கிங் மூன்று பேர் சொன்னதையும் ஞாபகம் வைத்துக்கொள் என்று முடியும்.

எதிர்பார்த்தபடியே அடித்தார்கள். ஸ்டூலிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். எரிகிற சிகரெட்டை முதுகில் வைத்து அணைத்தார்கள். போலீஸ் வந்தது. யாரைப் பிடித்தது? அடி வாங்கினவர்களை! ஒரு வரிசையை வேனில் ஏற்றினதும் காலியான ஸ்டூல்களில் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. அதையும் ஏற்றினார்கள். அடுத்த வரிசை. மொத்தம் 81 பேர் கைது. போலீஸுக்கு வேர்த்திருக்கும்! ஆளுக்கு 50 டாலர் அபராதம் என்றார் நீதிபதி. கட்ட மாட்டோம், ஜெயிலுக்குப் போகிறோம் என்றார்கள் மாணவர்கள்.

லூயிஸின் வாழ்க்கையில் அதுதான் முதல் கைது. அதற்குப் பிறகு அந்தப் பத்து வருஷத்திலேயே 40 தடவை. முதல் தடவை கைதானபோது பயத்துக்குப் பதிலாக ஏதோ விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அடுத்து வந்த கடிதம். அம்மாவிடமிருந்து. படிக்கப் போன இடத்தில் படிப்பைப் பார், அந்த வம்பெல்லாம் வேண்டாம், வெளியே வந்துவிடு என்று. அந்த அம்மா கோழை இல்லை. பத்துப் பிள்ளைகளைப் பருத்தி எடுத்து வளர்த்தவர். ஊரில் வெள்ளைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று பார்த்தவர். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன பையன் ஜெயிலில் இருக்கிறான் என்றால் எந்த அம்மாவுக்கு மனசு தாங்கும்? நம் வீடுகளில் இதே கடிதம் போன் காலாக வரும். “உனக்கெதுக்குப்பா இதெல்லாம்? நாலு வருஷம் கண்ணை மூடிட்டு முடிச்சுட்டு வா.” இந்த வசனத்துக்கு மதம் கிடையாது, மொழி கிடையாது.

லூயிஸ் வெளியே வரவில்லை. அம்மா மீது பாசம் இல்லாமல் இல்லை. அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். இது என் ஊகம்.

லாசனை மார்ச் மாதமே பல்கலைக்கழகம் டிஸ்மிஸ் பண்ணியது. அதைக் கண்டித்து இறையியல் துறைப் பேராசிரியர்கள் பலர் ராஜினாமா கொடுத்தார்கள். ஏப்ரல் 19-ம் தேதி விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடின வக்கீல் அலெக்சாண்டர் லூபி வீட்டில் டைனமைட் வீசினார்கள். எதிரே இருந்த மருத்துவக் கல்லூரியின் ஜன்னல் கண்ணாடிகள் நூற்றுக்கும் மேல் நொறுங்கின. லூபியும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றைக்கே ஆயிரக்கணக்கானோர் வாயே திறக்காமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே ஒரு மாணவி மேயரிடம் நேருக்கு நேர் கேட்டார். நிறத்தைக் காரணம் காட்டி ஒருத்தரை ஒதுக்குவது சரி என்று நினைக்கிறீர்களா? டயான் நாஷ். சிகாகோவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த பெண். மேயர் பென் வெஸ்ட் தடுமாறி, சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். மே 10-ம் தேதி ஆறு கடைகளின் கவுன்ட்டர்கள் எல்லோருக்கும் திறந்தன.

லாசனை வெளியேற்றின அதே பல்கலைக்கழகம் 2006-ல் அவரைச் சிறப்புப் பேராசிரியராகக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொன்னது. 46 வருஷம் லேட்!

உயில் எழுதின மாணவர்கள்

ஒரு சாப்பாட்டு கவுன்ட்டரோடு நின்றிருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன். 1961-ல் ‘சுதந்திரப் பயணம்’. மாநிலம் விட்டு மாநிலம் போகிற பஸ்களிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் தெற்கே யாரும் மதிக்கவில்லை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து 13 பேர் மே 4-ம் தேதி வாஷிங்டனில் பஸ் ஏறினார்கள். அதில் லூயிஸ் ஒருவர். மே 14-ம் தேதி அனிஸ்டன் ஊருக்கு வெளியே ஒரு பஸ்ஸை எரித்துவிட்டார்கள். பயணம் நின்றுவிடும் போல இருந்தது. நிற்கக் கூடாது என்று நாஷ்வில்லிலிருந்து மாணவர்களை அனுப்பினவர் டயான் நாஷ். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவர்கள் உயில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நம்ம வயசுக்காரர்களிடம் உயில் எழுத என்ன சொத்து இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகம் இந்தப் பயணத்தில் போன தன் மாணவர்கள் 14 பேரை வெளியேற்றியது. 2008-ல் அதே பல்கலைக்கழகம் அவர்களுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இந்த 14 பேருக்கும் நடுவில் போன வருஷங்களை எந்தப் பட்டம் திருப்பிக்கொடுக்கும் என்று எனக்குக் கோபம் வருகிறது. நியாயத்துக்காக நின்றால் கடவுள் உடனே கைதூக்கிவிடுவார் என்று சாட்சி சொல்கிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. பல பேருக்குத் திருப்பிக் கிடைக்கவே இல்லை.

பஸ் எரிவதற்கு முன்பே, மே 9-ம் தேதி, ராக் ஹில் ஊர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளையர்களுக்கான காத்திருப்பு அறைக்குள் நுழைந்த லூயிஸை அடித்துக் கீழே தள்ளினார்கள். வாயில் ரத்தம். போலீஸ், வழக்குப் போடுகிறீர்களா என்று கேட்டது. வேண்டாம் என்றுவிட்டார். அடித்தவர்களில் ஒருவர் எல்வின் வில்சன். 48 வருஷம் கழித்து, 2009-ல், முதியவராகத் தன் மகனையும் கூட்டிக்கொண்டு லூயிஸின் வாஷிங்டன் அலுவலகத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் மன்னித்தார். மூன்று பேரும் அழுதார்கள். அடிக்கிறவனை ஒரு கைக்குழந்தையாகக் கற்பனை பண்ணிப் பார், பிறக்கும்போதே வெறுப்போடு பிறந்திருக்க மாட்டான் என்பது லாசன் வகுப்பில் படித்த பயிற்சிகளில் ஒன்று. அந்த பிராக்டிகல் ரிசல்ட் வர 48 வருஷம் ஆகியிருக்கிறது.

ரெண்டு பக்கமும் பைபிள்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் என் மதத்துக்கு விளம்பரம் எழுதின மாதிரி ஆகிவிடும். வில்சன் மாதிரி அடித்தவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனவர்கள். கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல் ராத்திரியில் கொளுத்தி நட்டுவைத்தது எதை? சிலுவையை. தெற்கே எத்தனையோ வெள்ளையர் சபைகளில் கறுப்பின விசுவாசி வந்தால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப ஆள் போட்டிருந்தார்கள். 1963-ல் பர்மிங்ஹாமில் எட்டு மதத் தலைவர்கள், பெரும்பாலும் பிஷப்புகளும் போதகர்களும், ‘தெருவுக்கு வராதீர்கள், கோர்ட்டைப் பாருங்கள், அவசரப்படாதீர்கள்’ என்று அறிக்கை விட்டார்கள். அதற்குத்தான் சிறையிலிருந்து கிங் அந்தப் புகழ்பெற்ற பதில் கடிதத்தை எழுதினார். ரவுடியைவிட, ‘நீ கேட்பது நியாயம்தான், ஆனா இப்ப வேணாம்’ என்கிற நல்ல மனுஷன்தான் பெரிய தடை என்பது அவர் வாதம். அந்த நல்ல மனுஷனை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். டை கட்டியிருப்பார். நன்றாக ஜெபம் பண்ணுவார்.

அதே பைபிளைப் படித்துத்தான் ஜொனாதன் டேனியல்ஸும் கிளம்பினார். வெள்ளை இன இளைஞர், பாதிரியாருக்குப் படித்துக்கொண்டிருந்தவர். படிப்பை நிறுத்திவைத்துவிட்டு அலபாமாவுக்கு வந்தார். 1965 ஆகஸ்ட் 20-ம் தேதி ஒரு கடை வாசலில் ரூபி சேல்ஸ் என்கிற 17 வயசுக் கறுப்பினப் பெண்ணை நோக்கி ஒருவன் துப்பாக்கியை நீட்ட, அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டார். வயசு 26. சுட்டவனை வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. ரூபி சேல்ஸ் அப்புறம் இறையியல் படித்து, மனித உரிமைப் பணிக்கே வாழ்க்கையைக் கொடுத்தார்.

அதே 1965-ல், மார்ச் 7-ம் தேதி, செல்மா பாலம். ஓட்டுரிமை கேட்டு ஏறக்குறைய 600 பேர் தேவாலயத்திலிருந்து ரெண்டு ரெண்டு பேராக நடந்தார்கள். முன்வரிசையில் 25 வயசு லூயிஸ். முதுகுப் பையில் ரெண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பிரஷ், பேஸ்ட். ஜெயிலுக்குப் போகப் போகிறோம், பசிக்கும், பல் விளக்கணுமே என்கிற கணக்கு! பாலத்தின் அந்தப் பக்கம் போலீஸ் படை. திரும்பிப் போக முடியாது, முன்னால் போகவும் முடியாது. மண்டியிட்டு ஜெபிக்கலாம் என்று பின்வரிசைக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே தடியும் கண்ணீர்ப் புகையும் பாய்ந்தன. லூயிஸின் மண்டையோடு விரிசல் விட்டது. அன்றைக்கு ராத்திரி டி.வி-யில் சினிமாவை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைக் காட்டினார்கள். ஹிட்லரின் ஆட்களை விசாரிக்கிற நூரம்பர்க் வழக்குப் படம் ஓடிக்கொண்டிருந்ததாம்! ஐந்து மாதத்தில், ஆகஸ்ட் 6-ம் தேதி, ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டின தேவாலயம், சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார ரெண்டு கூடங்களோடு, பீடத்தில் மட்டும் சேர்கிற மாதிரி கட்டப்பட்டது. நடுவில் இருந்த தடுப்பு 1910-ல்தான் அகன்றது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே, தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரித்து எழுப்பின சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் பல தடவை எழுதியிருக்கின்றன. செத்த பிறகும் சுவர்! உயிர்த்தெழுதல் நாளில் எகிறிக் குதிக்க வேண்டியிருக்கும் போல. இந்த ஜோக்கை எங்கள் வாலிபர் கூட்டத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு அண்ணன் மட்டும், “தம்பி, இதையெல்லாம் கூட்டத்துல பேசாத, பிரிவினை வரும்” என்றார். பிரிவினை ஏற்கெனவே சிமென்ட் பூசி நிற்கிறதே அண்ணே என்றேன். அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

கல்லூரிகளும் லேசுப்பட்டவை இல்லை. முதல் வருஷ ஹாஸ்டலில் பேர் கேட்டதும் அடுத்த கேள்வி என்ன என்று பொறியியல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். “கட்-ஆஃப் எவ்வளவு?” மார்க் தெரிந்துகொள்ளவா கேட்கிறார்கள்? அந்த நம்பரை வைத்து இவன் எந்த வரிசையில் சீட் வாங்கினான், அதை வைத்து எந்த ஆள் என்று கணக்குப் போடுவதற்கு. சொன்னதும் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்... அது ராக் ஹில்லில் விழுந்த குத்து இல்லை. ரத்தம் வராது. ஆனால், ஒரு பையன் அடுத்த நாலு வருஷம் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட அது போதும். பக்கத்தில் இருக்கிற நாங்கள் என்ன செய்வோம்? செல்போனைப் பார்ப்போம்.

எங்கள் ஹாஸ்டலில் ஒரு சின்ன ஜெபக் குழு உண்டு. ஏழு பேர். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மெஸ்ஸில் சாப்பிட்டு வந்த பிறகு, லாசன் வகுப்பை அவர்களுக்குச் சொன்னேன். ஒரு சீனியர் அண்ணன், “சரி, பேசினது போதும். பண்ணிப் பார்ப்போம்டா” என்று நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டார். காட்சி இதுதான்: புதுப் பையன் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். ஒருத்தன் வந்து கட்-ஆஃப் கேட்கிறான், சிரிக்கிறான். கைகலப்பு இல்லாமல், கெட்ட வார்த்தை இல்லாமல், பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் போய் உட்காருவதா, கேட்டவன் கண்ணைப் பார்த்துத் திருப்பிக் கேள்வி கேட்பதா, பேச்சை மாற்றாமல் எப்படி நிறுத்துவது? இதைத்தான் பழக வேண்டும்.

புதுப் பையனாக உட்கார ரெண்டு பேர் உடனே ரெடி. பார்க்கிறவர்களாக நாலு பேர். கேள்வி கேட்டுச் சிரிக்கிறவனாக நடிக்க மட்டும் யாரும் வரவில்லை. “பாவம்டா, நான் மாட்டேன்” என்று ஒருத்தன். “எனக்குச் சிரிப்பு வராது” என்று இன்னொருத்தன். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான் கேட்டது. கடைசியில், மூலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான். எங்களில் அதிகம் பேசாதவன்.

“தள்ளுங்கடா, நான் பண்றேன். எனக்கு அந்த டயலாக் மனப்பாடம்.”